ஊசி நடுவில் நிற்கிறது

ஆமர் வீதிச் சந்தியில் ஊசி சிவப்பைத் தொட்டது.
மத்தியானம் பன்னிரண்டே கால்.
முன்னால் கொள்கலன் லொறி,
பின்னால் ஹோன் அடித்தே வயிறு வளர்க்கும் ஒரு பஸ்.
ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாய்த் திருகினேன்.
இஞ்சினின் சூட்டை மடியில் வாங்கிக்கொண்டால்
இன்னும் அரைக் கட்டை ஓடும் என்று
எப்போதோ ரொமேஷ் சொன்னது.
சித்திரை வெயிலில், கொழும்பில்,
ஹீட்டர் போட்டுக்கொண்டு போன ஒருத்தி
நானாகத்தான் இருப்பேன்.

பஞ்சிகாவத்தைக்குள் திரும்புகையில்
பொனற்றின் ஓரங்களெல்லாம் ஆவி.
"இடியப்பம் அவிஞ்சிட்டுது" என்றான்
லொத்தர் விற்கிறவன்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பிறகு வந்தது, தனியே இருந்தபோது.

முபீஸ் நானா மூடியைத் தொட விடவில்லை.
"கை வெந்து போயிரும் தங்கச்சி.
அது ஆறட்டும். நீங்களும் ஆறுங்க."
கால் ஆடும் பிளாஸ்டிக் கதிரை,
ஒரு போத்தல் ஜிஞ்சர் பியர்.
சுவர் முழுக்க ரேடியேட்டர்கள்,
எந்த வண்டிக்கு எது என்று
சோக்கட்டியில், மூன்று மொழியிலும் பிழையாய்.

நாற்பது நிமிடம்.
ஈரச் சாக்கைப் போட்டுத் திருகினார்.
உள்ளே பிளேன்டீ.
"கூலன்ட் ஊத்தவே இல்லையா?
பைப்புத் தண்ணியா?"
துருநிறம் ஒழுகி என் செருப்புவரை வந்தது.
ஊற்றியது நான்தான்.
கிழமைக்கு ஒரு போத்தல்.
குறைகிறது என்று தெரியும்.
எங்கே போகிறது என்று கேட்கவில்லை.

துலாஜ் காற்றாடியைக் கழற்றி,
குழாய்களை உருவி,
நாலு ஆணியையும் வாயில் கவ்விக்கொண்டு
அதைத் தூக்கிச் சாக்கில் கிடத்தினான்.
மேல் தாங்கியில், குழாய் சேரும் கழுத்தடியில்
தலைமயிர் அளவு வெடிப்பு.
நானா நகத்தால் சுரண்டினார்.
"இது இண்டைக்கு வந்ததில்ல.
முந்தியே ஆரோ பசை வச்சிருக்காங்க."

சாம்பல் நிறப் பசை.
காயும் முன் அழுத்தியதில்
பதிந்துபோன பெருவிரல்.
ரேகைக்குக் குறுக்கே ஒரு வடு:
டின்மீன் மூடி வெட்டியது.
மூன்று தையல்.
ஆஸ்பத்திரிக்கு இதே காரில்
கூட்டிப்போனது நான்.

டோஹாவுக்குப் போன இரவு
விமான நிலைய வாசலில் திறப்பைத் தந்து
"காருக்கு ஒரு குறையுமில்லை" என்றான்.
டயருக்குக் காத்து மட்டும் பார்.
இரண்டு வருடமாய் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பான்,
கார் ஓடுதா?
ஓடுது.
நான் கேட்பேன், அங்க எல்லாம் எப்படி?
குறையில்லை.

"பசைண்டா ஆயிரத்தைந்நூறு, ஒரு மாசம் தாங்கும்.
ரீகண்டிஷன் பதினெட்டு.
புதுசு முப்பத்திரண்டு, சைனா,
ஆனா வெடிக்காது" என்றார் நானா.
"பசை வேண்டாம்."
கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லிவிட்டேன் போல,
பக்கத்துக் கடையில் ஒருவன் எட்டிப் பார்த்தான்.
சீட்டுக் காசு கைப்பையில் இருந்தது.
வேறொன்றுக்கு எடுத்த காசு.

பழையதைத் தராசில் வைத்தார்கள்.
அலுமினியத்துக்குக் கிலோ விலை உண்டு.
பிளாஸ்டிக் தாங்கிக்கு ஒன்றுமில்லை.
துலாஜ் ஓரப் பற்களை நிமிர்த்தி
அதை மட்டும் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு
"எறியவா நோனா?" என்று சிங்களத்தில் கேட்டான்.
எனக்குத் தமிழில்கூட விடை வரவில்லை.

புதுக் கூலன்ட் பச்சையாய் இருந்தது,
சர்பத் மாதிரி.
ஆமர் வீதிச் சந்தியை மறுபடி கடக்கிறேன்.
ஊசி நடுவில் நிற்கிறது.
வீதியைவிட அதைத்தான் பார்க்கிறேன்.
பின் சீட்டில், நேற்றைய பேப்பரில் சுற்றியது
மிச்சத் தண்ணீரைச் சிந்திக்கொண்டு வருகிறது.
இன்றைக்கு வியாழன்.